இரண்டு பத்துக்கு இறங்கிய படகு

அத்தியாயம் 7

லொடுக்குக்குத் தண்ணீர் என்றால் குளியலறை வாளி வரைக்கும்தான் பழக்கம். அதைவிட ஆழமான எதற்கும் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு. அப்படிப்பட்டவனைக் காலை பதினோரு மணிக்கு, கால்வாய் லாக்கின் கதவு உச்சியில், ஒரு பாதத்துக்கு மேல் இடம் தராத நடைபலகையில் நிற்க வைத்துவிட்டு, "ஆடாம நில்லு" என்றாள் அண்ணி.

"நான் எங்க ஆடறேன்? பலகைதான் ஆடுது."

"பலகைக்கு என்ன பயம்? உன் முழங்காலைப் பாரு."

பார்த்தான். முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தன. போதாக்குறைக்குக் காற்று வேறு. நேற்றிலிருந்து கால்வாயின் கீழ்ப்பக்கமிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தது, நோட்டின் தாளைப் புரட்டியது, நிற்கிறவனை நிற்க விடாமல் போ போ என்றது.

அண்ணி அவனுடைய சொந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, எரியச் சொன்னதால் எரிந்ததா என்று மோப்பம் பிடிக்கிற உத்தியோகம். வேலையை விட்டாள், மூக்கு மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. வீட்டையும் அடுப்பையும் அண்ணன் பார்த்துக்கொண்டார். குடையையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு அண்ணி பின்னால் திரிவது தம்பியின் பாடு. வாய் ஓயாததால் அவனுக்கு லொடுக்கு என்று பெயர். வைத்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"மேடம், மூணு மணிக்குள்ள ஏதாவது கிடைக்குமா?" என்று கரையிலிருந்து கேட்டாள் லாக்குக்காரரின் மகள். பஸ் கண்டக்டர். டூட்டியைப் பாதியில் விட்டுவிட்டுக் காக்கி உடுப்போடு ஓடி வந்திருந்தாள். டிக்கெட் பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். மூன்று மணிக்கு அவள் அப்பாவைக் கொலைக் கேஸில் நீதிபதி முன் நிறுத்தப் போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

கதை இதுதான். கால்வாயின் மேல்மட்டமும் கீழ்மட்டமும் சேருகிற இடத்தில் லாக்கு. மேலே ஒரு ஜோடிக் கதவு, கீழே ஒரு ஜோடிக் கதவு, நடுவில் கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை ஏற்றினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். கரண்ட் இல்லாத லிஃப்ட். இந்தக் கால்வாயில் ஒன்பது லாக்கு இருந்தன. எட்டை அரசாங்கம் கைகழுவிவிட்டது. மிச்சம் இது ஒன்று. ஒரு வருஷம் முழுக்கப் படகு எதுவும் போகவில்லை என்றால் இதையும் மூடலாம் என்பது விதி. மூடினால் லாக்குக்காரரின் வேலையும் போகும், லாக்கை ஒட்டிய வீடும் போகும்.

மூடலாமா என்று பார்க்க ஒரு சர்வேயர் வந்தார். "மூட வந்தவன் முழுசாத் திரும்பிப் போக மாட்டான்" என்று டீக்கடையில் பத்துப் பேர் காதுபட லாக்குக்காரர் சொன்னார். மறுநாள், அதாவது நேற்று, சர்வேயரைக் காணவில்லை. தினமும் படகு போனதாகக் கணக்கு காட்டும் லாக்குப் பதிவேட்டில், நேற்றைய தேதிக்கு லாக்குக்காரரின் கையெழுத்தில் ஒரே வரி: 'இரண்டு பத்து. ஆபீஸ் படகு. இறக்கம்.' இன்று விடிந்தபோது அந்த அலுமினியப் படகு கீழ்க்கதவுக்கு வெளியே ஆளில்லாமல் மிதந்தது. உள்ளே ஒற்றை ஷூ.

"இறக்கி விட்டேன், போனார்" என்பதற்கு மேல் லாக்குக்காரர் ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை.

"படகு சரியா எங்க கிடந்துச்சு?" என்று காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைக் கேட்டாள் அண்ணி.

அவர் கையை நீட்டினார். கீழ்க்கதவிலிருந்து இருபதடிக்கு ஆகாயத்தாமரை, பாய் விரித்தாற்போல் நெருக்கியடித்துக் கிடந்தது. "அந்தப் பச்சைக்கு அந்தப் பக்க ஓரத்துல மேடம். கரையிலேர்ந்து கயிறு வீசி இழுத்துக் கட்டினோம்."

"பச்சைக்குள்ள யாராவது இறங்கினீங்களா?"

"இல்ல. தொட்டியிலதான் ஆளை விட்டுத் தேடினோம். கதவுகிட்டதானே படகு கிடக்கு, சம்பவமும் இங்கதான்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

அண்ணி லொடுக்கின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கதவுலேர்ந்து வெளிய வர்ற படகு எது வழியா வரும்?"

"பச்சை வழியா."

"வந்த தடம் இருக்கா?"

"ஒரு ராத்திரி ஆச்சே, மூடிக்கிட்டிருக்கும். அதுக்கு வளர்றதைத் தவிர வேற உத்தியோகம் கிடையாது."

"மூடிக்கும். ஆனா நசுங்கின இலை நிமிராது, முறிஞ்ச தண்டு ஒட்டாது. குனிஞ்சு பாத்துச் சொல்லு."

குனிவது என்பது நிற்கத் தெரிந்தவர்களுக்கான வித்தை. லொடுக்கு பலகையில் குப்புறப் படுத்தான். கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பலகையை ஆயுள் சந்தா கட்டியவன் போலப் பற்றிக்கொண்டு, தலையை மட்டும் கீழே தொங்கவிட்டான்.

"ஒரு இலைகூட நசுங்கலை. எல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது."

"கதவோரம்?"

"கதவோரமும் அப்படித்தான். அண்ணி, இது எத்தனை கதவு?"

"ரெண்டு. நடுவுல சேரும்."

"எங்க சேருது?"

அண்ணியும் பலகையில் வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, கொழுந்தன் பக்கத்தில் படுத்துவிட்டாள். கான்ஸ்டபிள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

கதவுகளுக்குப் பச்சை பெயின்ட். சொந்த வீட்டுக்கு அடிக்கிறவன்கூட இவ்வளவு அக்கறையாக அடிக்க மாட்டான். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு விரிசல் இல்லை. இரண்டு கதவும் முட்டுகிற கோட்டின் மேலேயும் பெயின்ட் ஒரே தோலாக ஓடியிருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கதவைத் திறந்திருந்தாலும் அந்தத் தோல் கிழிந்திருக்கும்.

"சாத்தின கதவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காரு" என்றாள் அண்ணி. "அடிச்ச பிறகு திறக்கலை. எப்ப அடிச்சாரு?"

பெயின்ட் அடித்த தேதியை, கதவைத் திறக்க முதுகு கொடுத்துத் தள்ளுகிற தள்ளுமரத்தில் வெள்ளை எழுத்தில் போட வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு. உத்தரவுக்குக் கட்டுப்பட்ட லாக்குக்காரர் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

லொடுக்கு மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "அப்ப நேத்து ரெண்டு பத்துக்கு இறங்கின படகு?"

"இறங்கலை. முந்தாநாள் இறங்கினதா எழுதியிருக்கிற செங்கல் படகும் இறங்கலை. பதிவேட்டுல இருக்கிற எந்தப் படகும் இந்தக் கதவைத் தாண்டலை."

மகள் கொக்கியைத் திறந்தபடியே மறந்துபோனாள்.

"தினம் ராத்திரி போன் பண்ணுவேன் மேடம். இன்னிக்கு எத்தனை படகுப்பான்னு கேப்பேன். ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு. செங்கல் படகுக்காரருக்கு முதுகுவலி. மணல் படகுக்காரரோட மாமியார் கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க." அவள் கொக்கியை மூடினாள். "செங்கல் படகுக்காரருக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்குன்னாரு. நான் ரெண்டு சட்டை தெச்சுக் குடுத்தேன்."

"பிள்ளைங்களுக்குச் சரியா இருந்துச்சாமா?" என்று லொடுக்கு கேட்டுவிட்டான். கேட்ட மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒண்ணுக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சாம்" என்றாள் அவள். சிரிக்கப் போனவள்போல் தொடங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மனுஷன் இல்லாத குழந்தைக்குச் சட்டை தொளதொளப்பது வரைக்கும் யோசித்திருக்கிறான். லொடுக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பழியைக் காற்றின் தலையில் போட்டான்.

"நேத்து என்ன நடந்திருக்கும்னு புரியுது" என்றாள் அண்ணி. "ரெண்டு மணிக்கு இறங்கப் போறேன்னு சர்வேயர் காலைல சொல்லியிருப்பாரு. இவரு பழக்க தோஷத்துல முன்கூட்டியே எழுதி வச்சுட்டாரு. இப்ப கையும் வாயும் கட்டிக் கிடக்கு. கதவு திறக்கலைன்னு சொன்னா லாக்கு போயிடும். திறந்தேன்னு சொன்னா கடைசியாப் பாத்தவர் அவர்தான்னு ஆகும்."

"எனக்கு லாக்கு வேணாம். அப்பா போதும். இப்பவே போய் எல்லாம் பொய்னு சொல்லிடறேன்."

"சொல்லும்மா. பொய்க் கணக்கு எழுதினவன் கொலைக்கும் துணிவான்னு இன்ஸ்பெக்டர் இன்னொரு வரி சேத்துப்பாரு. சர்வேயர் கிடைச்சாத்தான் உங்கப்பா வெளிய வருவாரு. உயிரோட கிடைக்கணும்."

மணி பதினொன்றே முக்கால். அண்ணியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. லாக்கின் இந்தக் கரை, அந்தக் கரை என்று நடந்தாள். பின்னாலேயே குடை நடந்தது, அதன் பின்னால் லொடுக்கு நடந்தான். எதிர்க்கரையில் புல் சரிவில் நின்றாள். மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டம் வரை ஒரு கனமான பொருளை இழுத்த தடம், புல்லை வகிடெடுத்திருந்தது. பக்கத்தில் ஒரே ஆளின் ஷூ அடையாளம். தண்ணீர் விளிம்பில் சேற்றில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓட்டை.

"படகை அவரே சுத்தி இழுத்துக்கிட்டுப் போயிருக்காரு" என்றான் லொடுக்கு. "தள்ளி விடும்போது ஒரு கால் சேத்துல போயிடுச்சு. எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற விஷயம், சுலபமாத் தெரியும்."

அண்ணி கான்ஸ்டபிளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அந்த ஷூக்குள்ள ஏதாவது இருந்துச்சா?"

"குப்பை மேடம். நோட்டுத் தாளைக் கசக்கித் திணிச்சு வச்சிருந்துச்சு."

"குப்பையாம்" என்றாள் அண்ணி. கால் அதற்குள் கரைப்பாதையில் இருந்தது. "ஈர ஷூவுக்குள்ள தாளைத் திணிச்சுக் காய வைக்கிறவன் செத்தவன் இல்ல, சாகப் போறோம்னு நினைச்சவனும் இல்ல. படகு இங்கேர்ந்து கிளம்பிப் போயிருக்கு. போன இடத்துல ஒழுங்காக் கட்டலை."

"போன படகு எப்படித் திரும்பி வந்துச்சு?"

"இந்தத் தண்ணி ஓடுதா?"

லொடுக்கு பார்த்தான். செத்த தண்ணீர். ஓட்டம் என்பதே இல்லை. மிதக்கிற பச்சை முழுவதும் கதவில் வந்து அப்பியிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிற அதே காற்றுதான், ஆகாயத்தாமரையையும் படகையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்து இங்கே விட்டிருக்கிறது.

"கீழ அடுத்த லாக்கு எவ்வளவு தூரம்மா?" என்று, பின்னாலேயே வந்திருந்த மகளைக் கேட்டாள் அண்ணி.

"ரெண்டு கிலோமீட்டர் மேடம். பாழடைஞ்சு கிடக்கு. யாரும் போக மாட்டாங்க."

போனார்கள். பாதை இரண்டு இடத்தில் சரிந்து கால்வாய்க்குள் விழுந்திருந்தது. கண்டக்டர் பெண் ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிய காலோடு தாண்டினாள். அண்ணி புடவையோடு தாண்டினாள். லொடுக்கு குடையைத் தாண்ட வைத்துவிட்டு, தான் தண்ணீரில் இறங்கி வந்தான். நடுவில் அண்ணன் போன் செய்து சாப்பாட்டுக்கு வருவீர்களா என்று கேட்டார். "ஆள் கிடைச்சா வர்றோம்" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

அடுத்த லாக்கின் கீழ்க்கதவு மக்கி உதிர்ந்திருந்தது. அதனால் தொட்டியில் தண்ணீர் இல்லை, வண்டல்தான். பன்னிரண்டடி ஆழத்தில், சுவரில் சாய்ந்து, ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த இரும்பு ஏணியின் பாதி. ஷூ இல்லாத காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு, இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது.

"சர்வேயர் சார்தானே?" என்றான் லொடுக்கு.

"அளக்க வந்தேன்" என்று கீழேயிருந்து கம்மிய குரல் வந்தது. "ஆழம் பன்னெண்டடி. எழுதிக்குங்க."

பாதி ஏணி இன்னும் சுவரில் இருந்தது. அது முடிகிற இடம் வரை இறங்கி, மீதியைக் குதித்துவிட்டாள் கண்டக்டர் பெண். தான் யார் என்று சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு அவளையே பார்த்தார்.

"மேல் கதவு கசியுதும்மா, அந்தத் தண்ணியை நக்கிக்கிட்டுத்தான் கிடந்தேன். போன் சேத்துல முழுகிடுச்சு. உங்கப்பா எங்க?"

அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு திறக்கிறதில்லைன்னு நான் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். பெயின்ட் சொல்லிடுச்சு. கதவைத் திறங்கன்னு கேட்டா அந்த மனுஷன் அவமானப்பட்டுப் போவாரு. அதான் சாப்பாட்டு நேரமாப் பாத்துச் சுத்தி இழுத்துக்கிட்டு வந்தேன்."

மேலே அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். ஆள் உயிரோடு இருக்கிறார், கால் முறிந்திருக்கிறது, பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் வராது, ஸ்ட்ரெச்சரையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கட்டி வைத்த படகைக் கான்ஸ்டபிள் ஓட்டி வரட்டும். அதிலேயே மேல் லாக்குக்குக் கொண்டு வருகிறோம், ஆம்புலன்ஸ் அங்கே நிற்கட்டும். கடைசியில் ஒரு நொடி நிறுத்தி, "வரும்போது லாக்குக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவரைத் தவிர அந்தக் கதவைத் திறக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றாள்.

"கதவைத் திறக்கச் சொன்னா..." என்றான் லொடுக்கு.

"தெரியும்."

"இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி அண்ணி."

"தெரியும்னு சொன்னேனே. அந்த லாக்குக்குக் கீழ்ப்பக்கம் கரையேறற படி இடிஞ்சு கிடக்கு. வேற வழி இருந்தாச் சொல்லு."



இரண்டு மணிக்குப் படகு மேல் லாக்கை நெருங்கியது. சர்வேயரைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, தொட்டியிலிருந்து கயிற்றால் மேலே தூக்கி, படகில் நீளவாக்கில் கிடத்தியிருந்தார்கள். காலடியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் பெண். கழியால் ஆகாயத்தாமரையை ஒதுக்கிக்கொண்டு கான்ஸ்டபிள். கரையோடு நடந்து முன்னாலேயே வந்து சேர்ந்த அண்ணியும் லொடுக்கும் லாக்கின் மேல். அங்கே ஆம்புலன்ஸ், இன்ஸ்பெக்டர், அவர் அக்குளில் பதிவேடு. பக்கத்தில் லாக்குக்காரர். ஐம்பத்தெட்டு வயது, இரும்புக் கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள் ஒரு பக்கம் ஏறிப்போன ஆள். படகைப் பார்த்ததும் மகளைத் தேடவில்லை. படுத்திருந்தவரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்த்தார்.

சர்வேயர் தலையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கதவெல்லாம் வேணாம், நேரமாகும்" என்றார். "அந்தப் புல் சரிவுல என்னை இழுத்துடுங்க. நான் தாங்கிப்பேன்."

லாக்குக்காரர் அவரைப் பார்த்தார். இந்த ஆளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சரிவைப் பார்த்தார், பிறகு அந்தக் காலை.  சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆள் கிடைத்துவிட்டார், கேஸ் இல்லை, பதிவேட்டை யாரும் இனி புரட்டப் போவதில்லை.

"உடைஞ்ச எலும்பை வச்சுக்கிட்டு அதுல இழுத்தா கால் மிஞ்சாது" என்றார் லாக்குக்காரர். "தண்ணியே தூக்கட்டும்."

கைப்பிடியை எடுத்தார். கதவடியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற கீழ்ஷட்டரைத் திருகித் தொட்டியை வடித்தார். தள்ளுமரத்தில் முதுகைக் கொடுத்து, கால் இரண்டையும் கல்லில் ஊன்றித் தள்ளினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கதவு நடுவில், பழைய வேட்டி கிழிகிற சத்தத்தோடு, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடியது. பச்சைத் தோல் சுருண்டு தண்ணீரில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். அக்குளிலிருந்த பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

"என்னய்யா இது. நேத்து ரெண்டு பத்துக்குப் படகு இறங்குச்சுன்னு எழுதியிருக்கே. கதவே இப்பத்தான்யா பிரியுது."

"இறங்கலை சார்." லாக்குக்காரர் தள்ளுவதை நிறுத்தவில்லை. "பதினாலு மாசமா ஒண்ணும் இறங்கலை. எல்லாம் நான் எழுதினது."

லாக்குக்காரர் கதவை இன்னும் ஒரு முழம் தள்ளினார்.

"அதை எழுதாம இருந்திருந்தா, சம்பவம் இங்கதான்னு நினைக்காம நீங்க காலைலயே கீழ தேடியிருப்பீங்க. ஸ்டேஷன்லயாவது நான் வாயைத் திறந்திருக்கணும். இவரு அந்தக் குழியில இவ்வளவு நேரம் கிடந்தது என்னாலதான். அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூடினார். "நான் காணாமப் போன ஆளைத் தேடினேன், கிடைச்சாச்சு. பொய்க் கணக்கு உங்க ஆபீஸ் பாடு. என்னை அதுல இழுக்காதே." பதிவேட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் லொடுக்கின் கையில் திணித்தார்.

படகு தொட்டிக்குள் வந்தது. லாக்குக்காரர் கீழ்க்கதவைச் சாத்தினார். மேல்பக்கத்துக்கு ஓடி மேல்ஷட்டரைத் திருகினார். தண்ணீர் கொப்பளித்து உள்ளே இறங்கியது.

"ஆபீஸ்னா இங்க நான்தான்" என்றார் சர்வேயர், படுத்தபடியே. "பதினாலு மாசம் படகு போகலைன்னு அறிக்கையில எழுதத்தான் செய்வேன். பொய் எழுத முடியாது. உங்க வேலைக்கு விசாரணை வரும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வேணாம் சார், நீங்க பேசாதீங்க" என்றாள் மகள்.

"முழுசாக் கேளும்மா. மூட உத்தரவு போடற நாளுக்கு முந்தின ஒரு வருஷத்துல ஒரு படகாவது போயிருக்கான்னுதான் விதி கேக்குது. உத்தரவு இன்னும் போடலை. இன்னிக்கு ஒரு ஆபீஸ் படகு, ஒரு சர்வேயர், ஒரு போலீஸ்காரர், நாலு சாட்சி. இதையும் எழுதுவேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த லாக்கை எவனும் தொட முடியாது."

லொடுக்கு அண்ணியைப் பார்த்தான். அவளுக்கும் இது தோன்றியிருக்கவில்லை என்று அவள் முகம் சொன்னது. அபூர்வமான காட்சி, ரசிக்க நேரம் இல்லை. கண்டக்டர் பெண் அண்ணாந்து, "அப்பா, கேட்டீங்களா? சார் சொன்னதைக் கேட்டீங்களா?" என்றாள்.

லாக்குக்காரர் கேட்கவில்லை. விளிம்பில் மண்டியிட்டு, கருத்த சுவரில் ஒவ்வொரு கல்லாக ஏறி வருகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததும் கையை நீட்டினார்.

"பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். அந்தக் கயித்தைக் கொஞ்சம் தளர விடும்மா, படகு ஏறுது."